நான்காவது பிம்பம்

இரவில் இந்த மலையில் முகப்பு விளக்கு போடக் கூடாது.
அபாய விளக்கின் மினுக்கில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து
பத்து மணிக்கு நாற்காலியில் உட்காருகிறேன்.
எட்டு மீட்டர் கண்ணாடியைத் திருப்புவது என் வேலை.
எங்கே திருப்புவது என்பது
ஹிமேனா ஒயார்சூன் வேலை.

ஒரு விண்மீன் வெடித்தது.
அப்போது பூமியே இல்லை;
சிலி இல்லை, எங்கள் சம்பளத் தகராறும் இல்லை.
வருகிற வழியில்
ஆயிரம் விண்மீன் மண்டலங்கள் கூடி உட்கார்ந்து
வெளியையே குழித்து வைத்திருக்க
ஒளி நாலாகப் பிரிந்து
நாலு தடத்தில் சுற்றிக்கொண்டு வந்தது.
மூன்று வந்து சேர்ந்து, மங்கியும் போயின.
நான்காவது,
"மார்ச் ஒன்பது, முன்னே பின்னே நாலு நாள்"
என்று ஆறு ஆண்டுக்கு முன்பே
அச்சில் ஏற்றிவிட்டார் ஹிமேனா.

மார்ச் ஒன்பது வந்தது.
பதின்மூன்று வந்தது.
ஹாம்பர்க்கிலிருந்து ஒருவர் ஒற்றைச் சொல்லில் மின்னஞ்சல் போட்டார்:
"வந்ததா?"
அதற்குப் பதில் போகவில்லை.
சமையல்காரர் எர்மோஹெனெஸ் மட்டும்
தினமும் சூப் ஊற்றும்போது கேட்பார்:
விருந்தாளி எங்கே, டாக்டர்?
வழியில் பஞ்சர், என்பார்.

ஏப்ரல்.
அதே இடம், அதே இருபது நிமிடம்.
பழைய படத்தை இன்றைய படத்திலிருந்து கழித்தால்
மிச்சம் வெறும் இரைச்சல்,
கறுப்புத் துணியில் உப்பைச் சிந்தியது மாதிரி.

இருபத்தெட்டாம் தேதி, மூன்று நாற்பது.
நான் காற்றுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கழித்த படத்தில்
கழியாமல் ஒன்று நின்றது.
எள்ளளவு.

கத்துவார் என்று நினைத்தேன்.
பேனா மூடியைக் கடித்தபடி விரல்விட்டு எண்ணினார்:
ஐம்பது நாள் தாமதம்.
"எடை போட்டதில் பிசகு, எலிசேயோ.
குழி நான் நினைத்ததைவிட ஆழம்.
அங்கே என்னவோ உட்கார்ந்திருக்கிறது,
கறுப்பாக, கனமாக.
என் கணக்கில் அது இல்லை."
தோற்றவர் குரலாக இல்லை அது.
குடியிருக்கும் வீட்டில் கூடுதலாய் ஓர் அறை இருப்பதை
இன்றைக்குத்தான் கண்டவர் குரல்.

இன்னொரு படம், என்றார், நீல வடிகட்டியில்.
காற்று நொடிக்குப் பதினெட்டு மீட்டர்.
விதி விதிதான்; கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
கூரையை மூடினேன்.
அவர் திட்டவில்லை,
காபியும் ஊற்றித் தரவில்லை.

அதிர்ந்து அதிர்ந்து மூடி முடித்தபின்
வெளியே போய் நின்றேன்.
கைப்பிடிக் கம்பியை விட்டால் தள்ளிவிடும் காற்று.
ஆயிரம் கோடி ஆண்டு நடந்து வந்தது
தகரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது.
சத்தமே இல்லை.