எண்ணெய் முடியும் இடம்

டர்பனில், அம்கேனி ரோட்டு டயர்க் கடையை மூடிவிட்டு
வியாழன்தோறும் வருகிறோம்.
திரையில் என் பெயர் பாதிதான் ஏறும்:
பூபால.

பதினான்கு ராத்தல் பந்து.
நேரே விட்டால் நேரே போகும்.
முதல் கட்டையை மூக்கில் இடித்து
இரண்டு ஓரத்திலும் பல்லிளிக்க
ஒவ்வொன்றை விட்டுவைக்கும்.

"ஹூக் போடு. கட்டைவிரல் முதலில் கிளம்பணும்,"
என்கிறான் துலானி,
"கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மச்சான் மாதிரி.
மற்ற இரண்டு விரலும்
பாத்திரம் கழுவிவிட்டு வரட்டும்."
என் தங்கை கல்யாணத்தில்
மூன்று நாள் சோறு பரிமாறியவன்,
அவனுக்குத் தெரியும்.

ஆறு வாரம்.
ஆறு வாரமும் வலப்பக்கச் சாக்கடை.
விரலில் பிளாஸ்டர் ஒட்டி
சம்பளப் பட்டியலை இடக்கையால் தட்டினேன்.

இன்று
இரண்டாம் அம்புக்குறிமேல் விட்டேன்.
எண்ணெய் பூசிய பலகையில்
திரும்பும் எண்ணமே இல்லாமல் வழுக்கியது,
சாக்கடைக்கு ஒரு சாண்,
நாலு விரல்,
எண்ணெய் முடிந்த இடத்தில்
யாரோ பின்னாலிருந்து
முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
திரும்பியது.

அப்போது போனது மின்சாரம்.
எட்டு மணி வெட்டு. மறந்தேபோனோம்.

இருட்டில் சத்தம் மட்டும்:
பாத்திர அலமாரி சரிந்ததுபோல்.
பிறகு ஒன்று, தனியாக, யோசித்து...
விழுந்ததா, ஆடி நின்றதா?

துலானி கைபேசி விளக்கை நீட்டினான்.
அறுபதடிக்கு அது எங்கே எட்டும்?
"பத்து" என்றான்.
"ஒன்பது" என்றேன்.

வாடகைச் செருப்பைக் கழற்றச் சொல்லி
காசாளர் குரல் கொடுக்கிறார்.
என் வலக்கை இன்னும் அப்படியே,
இருட்டில் யாருக்கோ
கைகுலுக்க நீட்டியபடி.