எட்டுக்குப் பத்து

துணி துவைக்கிற மேடைமேல் கல்லைப் போட்டிருக்கிறேன்.
பர்கூர் பக்கத்துக் குவாரிக் கல், ஊதா வரி ஓடியது.
யாருடைய சமையலறைக்கோ அறுத்து
மூலை உடைந்ததால் ஒதுக்கிய துண்டு.
முன்னூறு ரூபாய். ஆட்டோ தனி.

முதலில் கல்மேல் நேராகவே தாள் வைத்தேன்,
தாள்மேல் நெகட்டிவ், அதன்மேல் பத்து மில்லி கண்ணாடி.
கல்லும் கண்ணாடியும் முகம் தெரிகிற வழவழப்பு.
இருந்தும் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு
படம் மசமசவென்று வந்தது.
இரண்டு பேரும் சமம் என்று அடித்துச் சொல்லும்போது
நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்துவிடுகிறது.
சேலம் ரோட்டு மெத்தைக்கடையில்
ஸ்பாஞ்சு வெட்டிவந்து கீழே போட்டேன்.
அது அமுங்கிக்கொடுத்தது.
எல்லாம் ஒட்டின.

சிவப்பு விளக்கில் நெகட்டிவுக்கு இரு பக்கமும் ஒன்றுதான்.
ஓரத்தை ஈர உதட்டில் தொட்டுப் பார்ப்பேன்.
ஒட்டுகிற பக்கம் மருந்து.
அது கீழே பார்க்க வேண்டும், தாளின் மருந்து மேலே பார்க்க.
முகத்தோடு முகம்.
காற்றுகூட குறுக்கே படுக்கக்கூடாது.

பெரிதாக்கும் கருவி என்னிடம் இல்லை,
வாங்கினால் நான் வெளியே நின்று குளிக்க வேண்டும்.
நெகட்டிவ் எவ்வளவோ படம் அவ்வளவு.

கொடிக்கயிற்றில் பதினைந்து வாட் பல்பு.
மேல்வீட்டு மோட்டார் ஓடினால் அது சோர்ந்துவிடும்,
பத்து என்று எண்ணியது எட்டாகிவிடும்.
அதனால் பழையபேட்டை முழுக்கத்
தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து
அட்டையை நகர்த்தி நகர்த்தி
மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு:
ஒரே தாள்துண்டில் சாம்பல் படிக்கட்டு.
ஒன்பதில் நின்றேன்.

படம் பங்குனியில் எடுத்தது. குவாரிக் குழி.
"சீக்கிரம், வெடி வைக்கப்போறாங்க" என்றார் சென்றாயன்.
நான்கு விநாடி திறந்து வைத்தேன்.
அவர் அசைந்ததில் தலை இரண்டாகிவிட்டது.
குழி அசையவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கையில் நோட்டீசோடு வந்து
கதவைத் தட்டினார்.
"அத்துக்கல்லே அங்க இல்லயாம்,
எப்பவும் இருந்ததில்லயாம்.
உங்க படத்துல தெரியுதா பாருங்க."

இடது கீழ் மூலை. நிழல்.
நெகட்டிவில் அந்த இடம் கிட்டத்தட்ட வெறும் பிலிம்,
ஒன்பது விநாடியில் தாள் அங்கே கரியாகிவிடும்.
கம்பி முனையில் துவரம்பருப்பளவு அட்டை ஒட்டி
மூன்று விநாடி அந்த மூலையை மறைத்து ஆட்டினேன்.
தட்டில் தாள் மிதந்தது.
முதலில் வானத்தின் விளிம்பு, பிறகு துளைபோட்ட பாறை,
கடைசியாகக் கல்.

வினிகர். ஹைப்போ. ஒரு மணி நேரம் தண்ணீர்.
எங்கள் ஊர்க் குழாய்த்தண்ணீர் காய்ந்தால்
உப்பு பூக்கும் என்பதால்
கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர்.
அவர் கேன் விலையைக் கேட்டுவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை.

உருப்பெருக்கியைப் படத்தின்மேல் வைத்தேன்.
குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.
நட்ட கல், அதில் அம்புக்குறி, மஞ்சள் பெயின்டில் எண்
(மஞ்சள் என்று அவர் சொன்னார், எனக்கு அது சாம்பல்).
குழி அந்தக் கல்லைத் தாண்டி
இந்தப் பக்கம் ஒரு ஆள் நீளம் வந்திருந்தது.

"மறைச்சு ஆட்டுனீங்களே, அது என்ன?"
சொன்னேன்.
"அது இல்லாம ஒண்ணு போடுங்க."
போட்டேன்.
மூலை இருண்டது. கல் இருந்தது,
எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்
தேடினால்தான் கிடைத்தது.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து
இருண்டதை எடுத்துக்கொண்டார்.

"ஓசூர்ல ஸ்டுடியோ இருக்கு,
அந்த மூலைய மட்டும் பெருசாக்கித் தருவாங்க" என்றேன்.
"வேணாம். பெருசாக்குனா,
பெருசாக்கிட்டான்னுதான் சொல்லுவானுங்க."

ஸ்பாஞ்சில் பாதியை வெட்டித் தரச்சொல்லி
படத்தை அதில் வைத்துக் கட்டிக்கொண்டார்.
போகும்போது மேடைக்கல்லின் உடைந்த மூலையைத்
தடவிப் பார்த்து,
எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்டார்.