பதினான்காம் அறையின் சாவி

கடலூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மூன்று மாடி, இருபத்தாறு அறை.
ஒருவர் எழுந்துபோன சூடு ஆறுமுன்னே
அடுத்தவருக்கு உறை மாற்றுவேன்.
பெயர்கள் எனக்குத் தெரியாது.
தலையணை எண்ணெயை வைத்து ஆளைச் சொல்வேன்.

நேற்று ஒரு அம்மாள்,
கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்க்க வந்தவளாம்,
பையைக் கட்டிலில் வைக்கவில்லை.
நேரே குளியலறை, கொக்கியில் மாட்டினாள்.
பிறகு செல்போன் வெளிச்சத்தோடு மண்டி போட்டு
மெத்தையின் ஓரத் தையலை
கைரேகைக்காரன் உள்ளங்கையை விரிப்பதுபோல்
விரித்து விரித்துப் பார்த்தாள்.
தலைமாட்டுப் பலகையின் இடுக்கில்
அடையாள அட்டை முனையை விட்டு இழுத்தாள்.
பேனாவை உதறியதுபோல்
கரும்புள்ளிகள்.
இருவரும் பார்த்தோம்.
பக்கத்து அறையில் கிரிக்கெட்டுக்கு
யாரோ கைதட்டினார்கள்.
"பதினாலு வேணாம்மா,
இருபத்திரண்டு இரும்புக் கட்டில்" என்றேன்.
நன்றியா,
முன்னமே தெரியுமா உனக்கு என்பதா,
அவள் பார்வையில் பிரிக்க முடியவில்லை.

தெரியும்.
தை மாசமே முதலாளியிடம் சொன்னேன்.
மண்ணெண்ணெய் தடவு என்றார்.
தடவினேன். நாலு நாள் நாற்றம்.
ஐந்தாம் நாள் அதுகள் பதின்மூன்றுக்குக் குடிபோயின,
பத்தாம் நாள் சொந்த ஊர் திரும்பின.
மருந்தடிக்க ஆள் வந்தால்
மூன்று நாள் மாடியை மூடணும்,
வைகாசித் தேர் போகட்டும் என்றார்.
அதுகளுக்கு என்ன அவசரம்?
பட்டினியாய் மாதக்கணக்கில் கிடக்கும்,
காகிதத் தட்டையாய்,
வட்டிக்குக் கொடுத்தவன் பொறுமையோடு.

என் வீட்டுக்கும் வந்தது.
சேலைக் கொசுவத்திலா,
சோற்றுப் பை மடிப்பிலா,
தெரியாது.
குமுதவல்லி பத்தாம் வகுப்பு.
கையில் மூன்று மூன்றாய்த் தடிப்பு.
அம்மையா என்று பள்ளியில்
தனி பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.
கொசு என்று சொல் என்றேன்.
கொசுவைச் சொன்னால் மானம் போவதில்லை.
கட்டிலை மரையாணி மரையாணியாய்க் கழற்றி,
இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றி,
சுவர் விரிசலுக்குச் சிமெண்டு அப்பி,
ஓசியில் வந்ததே என்று வாங்கிய நாற்காலியை
அடுப்புக்குத் தின்னக் கொடுத்து,
துணி மூட்டையைக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் கட்டி
கத்திரி வெயிலில் போட்டேன்.
அப்படியும் இரண்டு மாதம்
விளக்கைப் போட்டுப் போட்டு எழுந்தோம்.
அன்றிலிருந்து லாட்ஜுக்கு ஒரு சேலை,
வீட்டுக்கு ஒரு சேலை.

இன்று தேர்.
இரவு பத்து மணிக்குச்
சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் குடும்பம்.
எல்லா அறையும் நிறைந்துவிட்டது.
"பதினாலைத் திற" என்றார் மேனேஜர் கலியமூர்த்தி.
அப்பன் தோளில் தூங்கும் குழந்தை,
வாயோரம் எச்சில்,
கழுத்து மடிப்பில் பவுடர்.

"குழாய் உடைஞ்சிருக்கு."
"காலைல நல்லாத்தானே இருந்துது?"
"இப்ப உடைஞ்சிது."
"சாவி எங்க?"
"காணோம்."
இடுப்பில் அது குத்திக்கொண்டிருந்தது.

அவர்கள் அடுத்த லாட்ஜைப் பார்த்து நடந்தார்கள்.
அங்கே எந்த எண்ணோ.

கலியமூர்த்தி கத்திய கத்தலில்
சேலை மாற்ற மறந்து
கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.
கெடிலம் பாலம் தாண்டும்போதுதான் நினைவு வந்தது.
சீட்டின் நுனியில் உட்கார்ந்தேன்,
முதுகு சாயாமல்,
பக்கத்து ஆள்மேல் முந்தானை படாமல்,
பாதிரிக்குப்பம்வரை.

வாசல் தாண்டவில்லை.
"வெந்நீர் போடுடி" என்று வெளியிலிருந்தே கூப்பிட்டேன்.
தகரத் தடுப்புக்குள் சேலையை அவிழ்த்தேன்.
துவைகல்லில் ணங்கென்று விழுந்தது சாவி,
பித்தளை வில்லையில் பதினாலு.
குமுதவல்லி குண்டானோடு வந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
சேலை மூழ்கும்வரை ஊற்றினாள்.
மிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு,
சாவியைக் காட்டி,
"இரும்புல ஒட்டுமாம்மா அது?"

"ஒட்டாது" என்றேன்.
"ஊத்து."