தரைத்தளம்

மத்திக்கெரே, பால்பூத்துக்குப் பின்சந்து.
அரை லிட்டர் தயிர், ஒரு கட்டு கொத்தமல்லி.
பெல் அடித்தேன்.
உள்ளே எதுவோ தரையைத் தட்டியது,
இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று.
குளியல் மக் என்று பிறகுதான் தெரிந்தது.

கதவில் தாழ் இல்லை.
பாத்ரூம் வாசலில் பாதி உடம்பு,
கூடத்தில் மீதி.
"அங்கேயே வெச்சிட்டுப் போப்பா" என்றார் கன்னடத்தில்,
மல்லாந்து கிடந்தபடி,
வீட்டுக்காரர் தோரணை குறையாமல்.

தூக்கப் போன கையை நானே பிடித்துக்கொண்டேன்.
ஓசூர் ஆஸ்பத்திரியில் வார்டுபாயாக இருந்த பதினொரு மாதத்தில்
உருப்படியாகத் தெரிந்துகொண்டது இதுதான்:
அக்குளில் கைகொடுத்து வெடுக்கென்று இழுத்தால்
உடையாததும் உடையும்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
தலையில் அடியா? இல்லை.
இடுப்பு? வலிக்குது, பொறுத்துக்கலாம்.
கால் விரலை ஆட்டுங்க.
பத்தும் ஆடின.
இன்னிக்கு என்ன கிழமை?
"உனக்கு லேட் ஆகிற கிழமை."

ஈரம் தண்ணீர் மட்டுமில்லை.
அவர் சுவரைப் பார்த்தார்.
நானும் சுவரைப் பார்த்தேன்.
பிப்ரவரி இன்னும் கிழிக்கப்படாமல் தொங்கியது.
என் மழைக்கோட்டை அவர் இடுப்பில் சுற்றினேன்.
முதுகில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்,
அது இப்போது அவர் தொடைமேல்.

அதற்குள் போன்.
ஆர்டர் போட்டது அவர் மகள், புனேயிலிருந்து.
"நாலு நாலு ஒண்ணு ஏழு, ஓ.டி.பி.
அப்பா கையில குடுத்துட்டீங்களா?
போனே எடுக்க மாட்டேங்கறார்."
திம்மையா தரையிலிருந்து
உதட்டில் விரல் வைத்தார்.
"பேடா" என்றது அந்த விரல்.
பேடா, பேடா.

குடுத்துட்டேன் மேடம்,
தரையில உட்கார்ந்திருக்கார், என்றேன்.
உட்கார்ந்திருந்தது நான்.

பிறகு வேலை.
ஒருக்களிக்க வைத்தேன். முழங்கையை ஊன்றினார்.
பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை முன்னால் போட்டு
அதன் காலை என் ஷூவால் அழுத்திக்கொண்டேன்.
முட்டி போடுங்க. மூச்சு வாங்கட்டும், அவசரமில்லை.
(அவசரம். ஆப்பில் சிவப்புக் கோடு.
அடுத்த ஆர்டர் ஐஸ்கிரீம்.)
நல்ல காலை முன்னால வைங்க.
"எது நல்ல கால்?" என்று சிரித்தார்,
சிரித்ததில் பிடி நழுவி
இன்னொரு முறை முதலிலிருந்து.

மூன்றாவது தடவை எழுந்தார்.
நான் தூக்கவில்லை.
பின்னால் இரண்டாவது நாற்காலியைத் தள்ளியதும்
அதில் விழுந்தார் என்றுதான் சொல்லவேண்டும்,
ஆனால் அந்த வார்த்தையை அப்போது நான் யோசிக்கவில்லை.

தண்ணீர் கொடுத்தேன். மாற்று லுங்கி எடுத்தேன்.
குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தாராம், முப்பத்திரண்டு வருஷம்.
"எத்தனை வீட்டு வாசல் தெரியுமா!
ஒரு வீட்லயும் உள்ள கூப்பிட்டதில்ல.
நீ கூப்பிடாமலே வந்துட்ட."
திட்டா நன்றியா, தெரியவில்லை.
இரவுக்குள் வாந்தியோ மயக்கமோ வந்தா,
வலி ஏறினா, ஆஸ்பத்திரி, என்றேன்.
எதிர்வீட்டுப் பல்லவியிடம் சாவி கொடுக்கச் சொன்னேன்.
பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க.
சொல்றேன் என்றார்,
மீட்டர் ஓடாத வீட்டில் சராசரி எழுதிவிட்டு வருகிற ஆள் குரலில்.

யஷ்வந்த்பூர் மேம்பாலத்தடியில்
ஐஸ்கிரீம் பைக்குள் உருகிக்கொண்டிருக்க
போன் மறுபடி.
புனே.
ஒருமுறை விட்டேன்.
இரண்டாவது முறையும் விட்டேன்.
மழைக்கோட்டு அங்கேயே போய்விட்டது,
தூறல் வேறு.
வண்டியை ஓரம் கட்டி
ஸ்டாண்டு போட்டு,
ஈரக் கையை சட்டையில் துடைத்து,

"சொல்லுங்க மேடம்" என்று ஆரம்பித்தேன்,
சொல்லவேண்டியது நான் என்று தெரிந்தே.