இரண்டாம் முறை பெயர் கேட்டபோது

வலது கண் முடிந்தது.
பதினான்கு நிமிடம் என்றார்கள். எனக்கு
வானொலியில் ஒரு பாட்டும்
அதன்பின் வந்த வானிலை அறிக்கையும்:
ஃபோவோ நீரிணையில் தென்மேற்குக் காற்று,
அலை நான்கு மீட்டர்.
அதைத் தாண்டித்தான் ஸ்டூவர்ட் தீவிலிருந்து
நேற்று வந்தேன்.
படகில் பாதிப் பேர் மடியில் வாளியோடு.

முகத்துணியை எடுத்தார்கள்.
புரை மூடிய இடது கண்ணுக்கு
எல்லாம் பாலுக்குள் நடந்தது:
மருத்துவர் கையுறையை உரிக்கிறார்,
மேலங்கி போகிறது, கத்தித் தட்டு போகிறது,
பாதிக்கு மேல் மிச்சமிருந்த மருந்துப் புட்டியும் கூடைக்கு.
பிளஃப் கொட்டகைகளில்
முப்பது பருவம் சிப்பி திறந்தவள் நான்.
ஒரே கத்தியைத் தீட்டித் தீட்டி
ஊசியாய்த் தேயும்வரை வைத்திருந்தவள்.
வீணடிக்கிறீர்களே என்று வாய்வரை வந்தது.

குழாயில் தண்ணீர் ஓடியது. நெடுநேரம்.
பிறகு யாரோ அருகில் வந்து,
"உங்கள் பெயர்?"

அதே குரல்.

"பிறந்த தேதி? இன்று எந்தக் கண்?"

டாக்டர், அரை மணி முன்னால்
சிப்பி சூப்புக்குச் செய்முறை கேட்டீர்களே என்னிடம்.

அவர் சிரிக்கவில்லை.
"அது வேறொருவர்.
அவருக்கு வைத்த லென்ஸ் வேறு பெட்டி, வேறு தொகுதி எண்.
அவருக்கு ஏதாவது பிசகியிருந்தால்
உங்களுக்கு அது தெரியவே கூடாது."

ஒரே நாளில் இரண்டுமா என்று
மருமகன் கெல்வின் மூன்று வாரம் தூங்கவில்லை.
கிருமி வந்தால் இரண்டிலும் வருமே.
அரிது, மிக அரிது என்றார் கையெழுத்து வாங்கிய பெண்.
அந்த 'அரிது' என்னோடு வீட்டுக்கு வந்து
மூக்கின்மேல் உட்கார்ந்துகொண்டது,
இரண்டுக்கும் சரிபாதி தூரத்தில்.

ஆனால் பக்கத்து வீட்டு மேவிஸைப் பார்த்திருக்கிறேன்.
ஒன்றைச் செய்துகொண்டு
மற்றதற்குப் பதினோரு மாதம் காத்திருந்தாள்.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே,
அது பழமொழி இல்லை, மேவிஸின் சமையலறை.
கண்ணாடியில் ஒரு வில்லையைக் கழற்றிவிட்டு,
படி எங்கே முடிகிறது என்று
காலால் துழாவி இறங்குவாள்.
பத்தாம் மாதம் துழாவ மறந்தாள். இடுப்பு.

கெல்வினுக்கும் அதைத்தான் சொன்னேன்:
சால்மன் பண்ணையில் உனக்கு
இரண்டு தடவை யார் விடுப்பு தருவார்கள்?
அதற்கு மட்டும் பதில் இல்லை அவனிடம்.

"வைமாரி கோட்ஸ்," என்றேன்.
தேதி சொன்னேன். "இடது."
சொல்லும்போது உண்மையாகவே
முதல் தடவை படுப்பவள்போல்
கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
வலது கண்காரியாவது தைரியசாலி.

மறுநாள் காலை, துளைபோட்ட மூடிகளைக் கழற்றியபின்:
கெல்வினுக்குத் தாடியில் நரை.
என் கோட்டு கறுப்பில்லை, கருநீலம்.
பையில் இரண்டு சொட்டு மருந்து,
வலதுக்குச் சிவப்பு மூடி, இடதுக்குப் பச்சை.
மாற்றி விட்டால் மகளே உன் சமர்த்து
என்று தாதி சொல்லவில்லை, பார்த்தாள்.

திரும்பும் படகில் அலை மூன்று மீட்டர்தான்.
வரும்போது எனக்குப் பயமே இல்லை.
இப்போது ஒவ்வொன்றும்
எங்கே எழுகிறது, எப்படி வளைகிறது,
உச்சியில் எந்த இடத்தில் உடையப்போகிறது
எல்லாம் தெரிகிறது.
வாளி கேட்டேன்.