நொடிக்குப் பத்து முறை

வாழைத்தார் பெட்டி கட்டும் கொட்டகைக்குப் பின்னால்
நௌசெத்தின் தொலைநோக்கி நிற்கிறது.
போன மாதம் அதற்கொரு கறுப்புப் பெட்டி வாங்கினான்.
உள்ளே தபால்தலை அளவில் ஒரு கண்ணாடி,
நொடிக்குப் பத்து முறை தலையாட்டும்.
"தகவமை ஒளியியல்" என்கிறான்
லா பால்மா தீவு முழுக்கக் கேட்கும்படி.

எனக்கு மலையுச்சியில் இரவுப்பணி.
அங்கிருக்கும் கண்ணாடி முகம் சுளிக்கும்.
முதுகில் நூற்றுக்கணக்கில் விரல்கள் தள்ள
நொடிக்கு ஆயிரம் சுளிப்பு.
காற்று கசக்கிய ஒளியை
எதிர்ப்பக்கம் கசக்கி நீவிவிடும்.

"உன் பெட்டி திருத்துவது பல்சக்கரத்தின் தடுமாற்றத்தை.
நீ பத்து எண்ணுவதற்குள்
காற்று வேறு காற்றாகிவிடும்."
"பெட்டிமேலேயே அச்சடித்திருக்கிறதே, இதாய்ரா?"
"வாழைப்பெட்டிமேல் நீ அச்சடிப்பதெல்லாம் உண்மையா?"

விடவில்லை.
ஆயிரம் படமெடுத்து, தெளிந்த ஐம்பதை வைத்துக்கொண்டால்?
அது பருப்பில் கல் பொறுக்குவது.
பெரிய கண்ணாடி தன் எடைக்குத் தொய்வதை
நிமிடத்துக்கொருமுறை நிமிர்த்துகிறீர்களே?
அது முதுகுவலிக்குத் தலையணை. வானத்தோடு அதற்குப் பேச்சில்லை.
வெறும் தலையாட்டலே சேராதா?
சேரும், வேகம் இருந்தால்.

"பிறகு எதுதான் கணக்கு?"

ஒரு விண்மீனின் ஒளி எப்படிக் கோணி வந்ததென்று அளப்பது,
அளந்த காற்று கடக்குமுன் வளைவது,
வளைந்தது சரிதானா என்று திரும்ப அளப்பது,
விடியும்வரை.
சொல்லிவிட்டேன். அதில் ஒரு பொய் இருந்தது.
கடக்குமுன் வளைந்ததே இல்லை நாங்கள்.
எப்போதும் ஓரிரு மில்லிநொடி பிந்தி,
போய்விட்ட காற்றுக்குத்தான் ஒவ்வொரு திருத்தமும்.
வந்துகொண்டிருக்கும் காற்றுக்கும்
அது ஏறத்தாழப் பொருந்திவிடுகிறது.

வியாழனன்று சஹாராவிலிருந்து கலிமா வந்தது.
புழுதிக்குப் பயந்து குவிமாடத்தை மூடச் சொன்னார்கள்.
பல்லில் மணல் நெறுநெறுக்க இறங்கி வந்தேன்.
நௌசெத் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு
சனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"வா, சீக்கிரம்" என்று நகர்ந்தான்.

பழுப்பு வானத்தில்
வளையம் அசையாமல் நின்றது.
நடுவில் அந்தக் கரிய கீறல்,
பென்சிலால் இழுத்ததுபோல.
தீவின்மேல் காற்று எங்கோ படுத்துத் தூங்கியது.
மேலே மூடிய குவிமாடத்துக்குள்
அத்தனை விரல்களும் சும்மா இருந்தன.

"இதற்கு என்ன பெயர்?" என்றான் காதருகே.
பேசாதே என்றேன்.
கண்ணை எடுக்காமலே கை நீட்டி
குவியத் திருகை ஒரு மயிரிழை திருப்பினேன்.
அது கணக்கில் சேராது.