கல்வி வரி

பத்தாவது ரிசல்ட் வந்து நாலு நாள்.
குன்னூர் பஸ் ஸ்டாண்டில் புது ஃபிளெக்ஸ்:
மேட்டு மெட்ரிக் பள்ளி, நூற்றுக்கு நூறு.
அந்தத் தெருவில் அதற்குள்
வாடகை இரண்டாயிரம் ஏறிவிட்டது.
வீட்டுவரி மட்டும் பழைய அளவில்தான்,
டேப் பிடித்து அளந்தவன் நான்.

ஓட்டுப்பட்டறை இறக்கத்தில் லூர்துமேரி
ரசீதைக் கண்ணருகே தூக்கி
ஒரு வரியில் விரல் வைத்தார்.
"கல்வி வரி நூத்திப் பதினாலு.
எந்தக் கல்விக்குங்க?
நம்ம கவர்மெண்ட் ஸ்கூல்
அறுபத்தெட்டு சதவீதமாமே."

வசூல்தான் என் வேலை என்றேன்.
கையில் மெஷின் சூடாக இருந்தது.

மேலே மனையைச் சமமாக்கினால்
மண் கீழ்வீட்டுக் கூரையில்தான் விழும்,
மலையில் இதை யாருக்கும்
சொல்லித்தர வேண்டியதில்லை.
போன வருஷம் ஒன்பதாவது முடிந்ததும்
மேட்டுப் பள்ளி
பதினோரு பேருக்கு டி.சி. கிழித்தது.
பதினோரு பேரும் படியிறங்கி
நம்ம ஸ்கூல் கடைசி பெஞ்சில்
ஸ்வெட்டர் நிறம் மாறாமல் உட்கார்ந்தார்கள்.

அதில் ஒரு பெயர்
என் ரேஷன் கார்டில் இருக்கிறது.
கணக்கில் முப்பத்திரண்டு.

லூர்துமேரி மீதி ஆறு ரூபாய்க்குக்
கை நீட்டியபடி நின்றார்.
சில்லறை இல்லை,
அடுத்த வீட்டில் மாற்றித் தருகிறேன் என்று
படியேறினேன்.